கையில் இல்லாததை விற்ற கரடி

மிருகமும் பறவையும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், காட்டு நடுவே ஓர் அத்திமரம் நின்றது. அது நூறு பேருக்குப் பொது. பங்குக்கு ஓர் ஓலை. ஓலைக்கு ஒரு கூடைப் பழம் ஈவுத்தொகை. ஓலையை வாங்கவும் விற்கவும் பாறைமேல் தினமும் சந்தை கூடும், பொழுது சாய்ந்தால் கலையும்.

மைனாவிடம் இருந்தது ஒரே ஓலை. கூட்டில் மூன்று குஞ்சுகள். மழைக்காலத்துக்கு அந்த ஒரு கூடையைத்தான் நம்பியிருந்தது.

ஒருநாள் காலை, ஓலை பத்து நெல்லிக்காய் விலை. கரடி ஐந்து ஓலைகளைக் காளைக்கு விற்றது. கையில் ஒன்றுகூடக் கிடையாது!

"ஓலை எங்கே?" என்றது காளை.

"பொழுது சாயறதுக்குள்ள தர்றேன் மாப்பிள்ளை. தரலேன்னா என்னைச் சந்தையிலயே சேர்க்காதே."

சொன்ன கையோடு பாறைமேல் ஏறிக் கத்தியது: "ஐயோ, அத்திமரத்துக்கு வேரழுகல்!"

அவ்வளவுதான்! முயல் விற்கிறேன் என்றது, குரங்கு விற்கிறேன் என்றது. பத்து ஆறானது, ஆறு இரண்டானது. 'இன்னும் விழட்டும், ஒன்றுக்கு வாங்கிக் காளைக்குக் கொடுக்கலாம்' என்று கரடி வாங்காமல் உட்கார்ந்திருந்தது.

மைனா கணக்குப் போட்டுப் பார்த்தது. இப்போதே விற்றால் இரண்டு நெல்லிக்காயாவது மிஞ்சும். விற்காவிட்டால்? குஞ்சுகளின் திறந்த வாய்கள் கண்முன் வந்தன.

"என்ன மைனாக்கா, ஓலையைக் கட்டிக்கிட்டு அழப்போறியா?"

"எந்த வேர் அழுகிச்சு, கரடியண்ணே?"

"எல்லா வேரும்தான்!"

"நீங்க பார்த்தீங்களா?"

கரடி பிடரியைச் சொறிந்தது. மைனா விருட்டென்று பறந்தது. மரத்தடி மண்ணை அலகால் கிளறியது. வேர் வெள்ளை வெளேர் என்று இருந்தது! அடிமரம் முழுக்கப் பிஞ்சு!

"அழுகல் இல்லை! காய்ச்சுத் தொங்குது!" என்று கூவிக்கொண்டே திரும்பியது.

காளை கொம்பை மேலே வீசித் துள்ளியது. "இரண்டுக்கு எனக்கு! ஐந்துக்கும் எனக்கு! பத்துக்கும் எனக்கே!" விற்க வந்தவர்கள் ஓலையைச் சட்டென்று மடியில் செருகிக்கொண்டார்கள். விலை இருபதைத் தாண்டியது. சூரியன் மலைக்குப் பின்னால் சரிந்துகொண்டிருந்தது.

கரடி ஒவ்வொருவர் காலாகப் பிடித்தது. கடைசியில் மைனாவிடம் வந்தது. "முப்பது தர்றேன், தாயே!"

"கூட்டுல மூணு வாய் காத்திருக்கு, அண்ணே. இது விலைக்கில்லை."

பொழுது சாய்ந்தது. கரடியைச் சந்தையை விட்டே துரத்தினார்கள்.

யாராவது தவறவிட்ட ஓலை கிடைக்காதா என்று கரடி மண்ணை மோந்துகொண்டே அலைவதும், விலை விழுந்தால் கரடி, எகிறினால் காளை என்று சந்தைக்காரர்கள் சொல்வதும் அன்று முதல்தான்.