கொறிச்சி அடைத்த வளை

அந்தக் காலத்தில், காட்டு மிருகங்களெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, காட்டு அணிலும் மண்ணுக்குள்தான் வளை தோண்டி வாழ்ந்தது. விதைகளுக்கும் அன்றைக்குப் பொறுமை கிடையாது. காலையில் ஈரம் பட்டால் மதியத்துக்குள் வேர் விட்டுவிடும்.

கொறிச்சி என்ற அணில் தின்றது போக மிச்சத்தையும் விடமாட்டாள். பலாக்கொட்டை, நாவல்கொட்டை என்று அகப்பட்டதையெல்லாம் வளைக்குள் திணிப்பாள். கூட இருந்த ஆண் அணில், அவளுக்கு வயிறு தெரிந்ததுமே நைசாக நழுவிவிட்டது. அந்தக் குணம் ஆண் அணில்களுக்கு அப்போதே உண்டு. கொட்டைக் குவியலின் நடுவிலேயே அவள் மூன்று குட்டிகளை ஈன்றாள்.

பக்கத்து வளை முள்ளம்பன்றி முள்ளாயி எட்டிப் பார்த்தாள். "ஏ கொறிச்சி, மழை வரப்போவுது. கொட்டையை வெளிய தள்ளு புள்ள. ஈரம் பட்டா வேர் விட்டுரும்."

"வெளிய தள்ளுனா நீ அள்ளிக்கிட்டுப் போவலாம்னு பாக்குறியா அக்கா?"

"எனக்கு எதுக்குடி? கண்ணு தெறக்காத பிள்ளைங்க கிடக்குதே."

"தண்ணி உள்ள வந்தாத்தானே? வாசலை அடைச்சுட்டுப் போறேன்" என்றாள் கொறிச்சி. சொன்னபடியே களிமண்ணைக் குழைத்து வாசலில் அப்பிவிட்டு, காளான் தேடிப் போனாள்.

மழை கொட்டித் தீர்த்தது. தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. மேல்மண்ணில் ஊறி உள்ளே இறங்கியது.

திரும்பி வந்த கொறிச்சி களிமண்ணைப் பிய்த்தாள். உள்ளே கை நுழையவில்லை. வளை முழுக்க வெள்ளை வேர்கள், கூடை முடைந்ததுபோலப் பின்னிக் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் கீச்சென்று ஒரு குரல் கேட்டது. வாயிலிருந்த காளான் விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா, என் பிள்ளைங்க."

முள்ளாயி ஒன்றும் கேட்காமல் ஓடிவந்து மண்ணைத் தோண்டினாள். வேர்களைக் கடித்துக் கடித்ததில் கொறிச்சிக்கு வாயெல்லாம் ரத்தமானது. இரண்டு குட்டிகளை உயிரோடு இழுத்தெடுத்தார்கள். மூன்றாவது வேருக்குள் அசையாமல் கிடந்தது.

"விடு கொறிச்சி. அது போயிருச்சு."

கொறிச்சிக்கு அழக்கூட வரவில்லை. தான் ஆசை ஆசையாய்ச் சேர்த்த தீனியே பிள்ளையை இறுக்கிக் கொன்றிருந்ததை வெறித்துப் பார்த்தாள். பிறகு ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு பலாமரத்தில் ஏறி, உச்சிப் பொந்தில் விட்டாள். மற்றதற்காக மறுபடி இறங்கினாள்.

அன்று முதல்தான் காட்டு அணில் மரப்பொந்தில் குட்டி போடுகிறது; கொட்டைகளைக் குவிக்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புதைக்கிறது; மண்ணைத் தட்டி மூடியதும் கொறிச்சி அடைத்த அந்த வாசல் நினைவுக்கு வர, திரும்பிப் பாராமல் ஓடி, புதைத்த இடத்தையே மறந்துபோகிறது. அது மறந்த கொட்டைகள்தான் இன்றைக்குக் காடாக நிற்கின்றன.