பன்னிரண்டாவது வால்

“பேரை மாத்தியாச்சு, மேடம். பிறகும் ஓட மாட்டேங்குது.”

சொன்ன சங்கரபாண்டியனுக்கு வயது ஐம்பத்து மூன்று. கேட்டுக்கொண்டிருந்த பேச்சித்தாய்க்கு முப்பத்தொன்று. வயசு தலைகீழ்தான். ஆனாலும் அந்த ஆபீசில் அவள்தான் அவருக்குக் குரு. அதில் மனுஷனுக்கு வெட்கமே கிடையாது. தப்பை ஒத்துக்கொள்வதில்தான் கொஞ்சம் கஞ்சத்தனம்.

“எதோட பேரை?”

“ஜெபமலர் டீச்சரோட பிளகினை.”

ஜெபமலர் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர். அவருக்கும் பார்வை இல்லை. இவர்கள் செய்த தேர்வு மென்பொருள் கேள்வியைத் திரையில் காட்டும், அவ்வளவுதான்; கணினியின் வழக்கமான வாசிப்புக் குரலுக்கும் அது எட்டாது. அதை வாய்விட்டு வாசிக்க அவரே பிளகின் என்கிற துணை நிரல் ஒன்றை எழுதிச் சேர்த்திருந்தார். நேற்றுவரை ஜோராக வாசித்தது. நேற்று சாயங்காலம் சங்கரபாண்டியன் புதுப் பதிப்பை அனுப்பினார். காலையில் பார்த்தால் பேச்சுமூச்சு இல்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பதினாலு பிள்ளைகளுக்குப் பரீட்சை. இப்போதே பன்னிரண்டரை.

“புதுசா என்ன செஞ்சீங்க, அண்ணாச்சி?”

“வாசல்ல ஒரு காவல் போட்டேன். கண்டதும் உள்ளே வரக்கூடாதில்லா? கோப்போட பேருக்குப் பின்னால புள்ளி இஎக்ஸ்இ-ன்னு வால் இருந்தாத்தான் விடும். விண்டோஸ்ல ஓடுதது அதுதானே!”

“டீச்சர் கோப்புக்கு?”

“புள்ளி பிஒய். பைத்தான் மொழியில எழுதுனதாம். தப்பு உங்க மேலதான்னு சொல்லி வாலை மாத்தச் சொன்னேன். மாத்துனாங்க. காவல் உள்ளே விட்டுட்டுது. ஆனா ஓடலை.”

“எந்தெந்த வால் ஓடும்னு விண்டோஸைக் கேட்டீங்களா?”

“அதை என்னத்தைக் கேட்க?”

பேச்சித்தாய் கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திரையில் திறந்தாள். ஒரே ஒரு வரி அடித்தாள். திரையில் வரிசையாக வால்கள் வந்து நின்றன. மொத்தம் பதினொன்று. இஎக்ஸ்இ இரண்டாவதாக இருந்தது.

“இதெல்லாம் ஓடும்னு யாரு சொன்னா?”

“அதுவேதான் சொல்லுது. எப்பவும் சொல்லிக்கிட்டுதான் இருக்கு.”

அடக் கடவுளே என்று சங்கரபாண்டியன் தன் இடத்துக்கு ஓடினார். பதினொன்றையும் எழுத்துப் பிசகாமல் காவலில் எழுதினார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். முகத்தில் ஒரு தெளிவு.

“ஒண்ணு விடாம சேர்த்தாச்சு, மேடம். ஆனா பாருங்க, அந்தம்மாவோட பிஒய் இந்தப் பதினொண்ணுலயும் இல்லை. அப்பவே சொன்னேன், தப்பு அவங்க மேலதான்.”

“டீச்சருக்குப் போனைப் போடுங்க.”

போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பேச்சித்தாய் அதே வரியை ஜெபமலருக்குச் சொல்லி, அவர் கணினியில் அடிக்கச் சொன்னாள்.

அந்தக் கணினியின் வாசிப்புக் குரல் போன் வழியாகக் கேட்டது. ஒவ்வொரு வாலாகச் சொல்லிக்கொண்டே போனது. சங்கரபாண்டியன் விரல் மடக்கி எண்ணினார். பதினொன்று முடிந்தது.

குரல் நிற்கவில்லை.

“புள்ளி பிஒய்.”

“அது நான் அந்தப் பட்டியல்ல சேர்த்தது சார்” என்றார் ஜெபமலர். “போன வருஷமே சேர்த்துட்டேன். ஏன், சேர்க்கக் கூடாதா?”

பேச்சித்தாய் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள்.

சங்கரபாண்டியன், கோப்புக்குப் பழைய பேரையே வைக்கும்படி டீச்சரிடம் சொன்னார். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். எழுதிய பதினொன்றையும் அழித்தார். எந்தக் கணினியில் ஓடுகிறதோ, அந்தக் கணினியையே கேட்கும்படி ஒரு வரி எழுதினார். ஒன்றரைக்குப் புதுப் பதிப்பு போய்ச் சேர்ந்தது.

ஒன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. பின்னணியில் மாதிரிக் கேள்வி ஒன்றைத் தமிழில் ஒரு குரல் வாசித்துக்கொண்டிருந்தது.

“வாசிக்குது சார். பிள்ளைங்க உட்கார்ந்துட்டாங்க.” ஜெபமலர் கொஞ்சம் தயங்கினார். “காலையில தப்பு என் மேலன்னு சொன்னீங்க. இனிமே புதுசா எதையாவது சேர்க்கணும்னா உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சேர்க்கணுமா?”

சங்கரபாண்டியன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“வேண்டாம் டீச்சர். நீங்க பாட்டுக்குச் சேருங்க. நான் உங்க கணினியைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிடுதேன்.”