அசுரனுக்குப் பச்சை

"அம்மன் முகத்தை எனக்கு என்னைக்குத் தருவீங்க, வாத்தியாரே?"

கேட்டவள் செண்பகவடிவு. பஜாரில் ஜாக்கெட் தைக்கிறவள், ஐம்பதைத் தாண்டியவள். கேட்கப்பட்டவன் சங்கிலிபூதத்தான். கோயில் சுதைச் சிலைகளுக்கு வர்ணம் அடிக்கிறவன், அவளைவிட வயதில் நன்றாகவே இளையவன். குருவென்றால் தாடி வேண்டும் என்று யார் சொன்னது? இவனுக்கு மீசையே ஒழுங்காக முளைக்கவில்லை.

அவன் பிரஷ்ஷால் கீழே காட்டினான்.

கீழே, பத்திரகாளியின் காலடியில் அசுரன் மல்லாந்து கிடந்தான்.

எந்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும் இதே கதைதான். ஆசைக்கு வர்ணம் அடிக்க வந்தவள் அவள். தையல் குறைந்த நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு அவன் பின்னால் போவாள். அம்மன் அவனுக்கு, அசுரன் அவளுக்கு.

அசுரனுக்கென்று தனி வர்ணம் கிடையாது. டப்பாக்களின் அடியில் மிஞ்சியதையெல்லாம் ஒரு வாளியில் வழித்துப் போட்டுக் கலக்கினால் சாணி நிறம் ஒன்று வரும். அதை அப்பி, கண் இருக்கும் இடத்தில் மூடினாற்போல ஒரு கோடு இழுத்தால் அவன் வேலை முடிந்தது. சாகப்போகிறவனுக்கு அது போதும் என்பது ஊர்வழக்கம்.

அவளுக்குப் போதவில்லை. கடையில் வெட்டி மிஞ்சிய துணியிலெல்லாம் சாக்கட்டியால் அம்மன் முகமாக வரைந்து வைத்திருந்தாள். அந்த முகத்தின் மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆசை.

இந்த முறை ஆற்றங்கரை ஊரில் கொடைத் திருவிழா. அம்மன் முகம் மட்டும் வெறும் வெள்ளைப் பூச்சோடு காத்திருந்தது. அதை எப்போதும் கடைசியில்தான் எழுதுவார்கள்.

"இந்தத் தடவையும் அசுரன்தானா?"

அவன் வாளியை அவள் பக்கம் காலால் தள்ளினான்.

செண்பகவடிவுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். வாளியை ஓரமாக வைத்துவிட்டுப் புதுப் பச்சை டப்பாவை உடைத்தாள்.

உச்சி முதல் உள்ளங்கால் வரை அசுரனுக்குப் பச்சை பூசினாள். இடுப்பில் மஞ்சள் பட்டு, அதற்குக் கத்தரிப்பூ நிறத்தில் கரை. எந்த நிறத்துக்கு எது எடுக்கும் என்று ஊர்ப் பெண்களுக்கெல்லாம் சொன்னவளுக்கு இதையா சொல்லித்தர வேண்டும்? மீசையை முறுக்கிவிட்டாள். கடைசியில் கண்ணை வரைந்தாள். மூடிய கண் இல்லை. அகலத் திறந்து, தன்னை மிதிப்பவளை நேருக்கு நேர் பார்க்கிற கண்.

சங்கிலிபூதத்தான் வந்து பார்த்தான். கையிலிருந்த வடையைத் தின்று முடித்தான்.

சொல்ல வேண்டியதையெல்லாம் கோயில் தர்மகர்த்தா பரமகுரு அண்ணாச்சி வந்து சொன்னார். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதையாக இருக்கிறது என்றார். கும்பிட வருகிற சனம் அம்மனை விட்டுவிட்டு இவனை அல்லவா பார்க்கும் என்றார். உடனே சாணி நிறம் அடித்துக் கண்ணை மூடினால் சரி, அம்மன் முகத்தைக்கூட அவளே எழுதிக்கொள்ளட்டும், தனக்கு ஆட்சேபணை இல்லை. மாட்டேன் என்றால் இப்போதே பஸ் ஏறிவிடலாம், இனி எந்தக் கோயிலிலும் அவளைச் சேர்க்க விடமாட்டேன் என்றார்.

செண்பகவடிவு மூங்கில் சாரத்துக்கு மேலே வெள்ளையாக இருந்த அம்மன் முகத்தைப் பார்த்தாள். ஏறினால் கைக்கு எட்டுகிற தூரம்தான்.

"அண்ணாச்சி, அவ எட்டுக் கையிலயும் ஆயுதத்தோட வந்து நிக்கா. ஒரு வாளிச் சாணியை மிதிக்கவா இம்புட்டு?"

அண்ணாச்சி குருவைப் பார்த்தார். "நீ சொல்லுடே. உன் ஆளுதானே?"

"மாத்த மாட்டேன்," என்றாள் அவள், குரு வாயைத் திறக்குமுன். "எனக்கு முகம் வேண்டாம்." சொன்னபோது கண் கலங்கியது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பிரஷ்ஷைத் துடைத்துக் கீழே வைத்தாள்.

சங்கிலிபூதத்தான் ஓரத்தில் கிடந்த வாளியை எடுத்தான். அவளிடம் கொடுக்கவில்லை. அண்ணாச்சியின் கையில் கொடுத்தான்.

"நீங்களே மூடிருங்க அண்ணாச்சி."

இதென்ன பெரிய காரியம் என்று அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். வாளியில் பிரஷ்ஷை முக்கிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தார். அசுரனின் முகத்துக்கு மேலே குனிந்தார்.

அசுரன் அவரைப் பார்த்தான்.

வர்ணம் சொட்டுச் சொட்டாக அவர் காலிலேயே விழுந்தது. கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார். பிறகு எழுந்து, பூசாரியைப் பார்க்க வேண்டும், வேலை கிடக்கிறது என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போனார். வாளியை வைத்துவிட்டுத்தான் போனார்.

செண்பகவடிவு தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்டிய?"

"பஸ்ஸுக்கு."

சங்கிலிபூதத்தான் இடுப்பிலிருந்து மெல்லிய பிரஷ்ஷை உருவினான். கண் எழுதுகிற பிரஷ். அதை இதுவரை அவன் யாரையும் தொடவிட்டதில்லை.

"இத்தனை கோயில்ல எழுதிட்டேன் அக்கா. எங்க பாக்கணும்னு தெரியாம அம்மன் ஆகாசத்தையே பாத்துக்கிட்டு நிக்கா."

பிரஷ்ஷை நீட்டினான்.

"ஏறுங்க. இன்னைக்குத்தான் அவளுக்குப் பாக்கதுக்கு ஒரு ஆள் கிடைச்சிருக்கான்."