கண்ணாடிக்கு வெளியே ஓர் ஆள்

தென்காசிப் பக்கம், மலையடிவாரத்தில், வலிப்பு நோய்க்கென்றே ஒரு சிறிய மருத்துவமனை இருந்தது. அதன் மருந்தறை மங்கையர்க்கரசியின் பொறுப்பு. அவருக்கு நாற்பது வயது. அவரிடம் தொழில் படித்த நல்லபெருமாள் ஆசாரிக்கு அறுபதை ஒட்டிய வயது. குரு சீடனைவிட மூத்தவராக இருந்தே தீரவேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

ஆசாரி பொன்வேலை பார்த்தவர். அவர் மகளுக்குச் சிறுவயதில் வந்த வலிப்பு இந்த ஆஸ்பத்திரி மருந்தில்தான் அடங்கியது. அவளைக் கட்டிக்கொடுத்த கையோடு பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு, "எனக்கு நிறுக்கத் தெரியும், ஏதாவது வேலை குடுங்க" என்று வந்து நின்றுவிட்டார்.

சின்னப் பிள்ளைகளுக்கு மாத்திரை ஒத்துவராது. பீனோபார்பிட்டோன் பொடியைப் பிள்ளையின் உடம்பு எடைக்குத் தக்கபடி நிறுத்துப் பொட்டலம் போடவேண்டும். அளவோடு கொடுத்தால் அது வலிப்பை அடக்கும். மிஞ்சினால் மூச்சையே அடக்கிவிடும். நிறுப்பவரையும் அது சும்மா விடாது. தூள் மூச்சில் ஏறினால் தலை கனக்கும், நாக்குக் குழறும். அதனால் கையுறை, முகமூடி, தூளை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு மின்விசிறி எல்லாம் உண்டு. கை கழுவும்வரை வெற்றிலைப் பெட்டியைத் தொடக்கூடாது.

இதையெல்லாம் ஆசாரி முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டார். ஒன்றுதான் அவருக்குச் செரிக்கவில்லை. கண்ணாடி அடைத்த சிறு அறைக்குள் ஒருவர் நிறுக்கும்போது, கண்ணாடிக்கு வெளியே இன்னொருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அது அங்கே வழக்கம்.

"எதுக்கும்மா இந்த ஊர்க்கதையெல்லாம்? கை நிதானம்லா கெடுது?"

"உங்களுக்கு மயக்கம் வந்தா தெரியணும்லா."

"என் மயக்கம் எனக்குத் தெரியாதா?"

மங்கையர்க்கரசி சிரித்தார்.

ஒருநாள் முற்பகலில் ஆசாரி உள்ளே நிறுத்துக்கொண்டிருந்தார். வெளியே நர்ஸ் செண்பகம் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று வார்டில் ஒருவருக்கு வலிப்பு வந்துவிட்டது.

"அண்ணாச்சி, எல்லாத்தையும் மூடி வச்சிட்டு வெளிய வந்திருங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஆசாரி வரவில்லை. மாமியார் கதை ஓய்ந்ததே பெரிய புண்ணியம் என்று இருந்தது அவருக்கு. காற்றில் தராசுத் தட்டு லேசாக ஆடியது. பொன் நிறுக்கிற எவனாவது காற்றாடியைச் சுழலவிட்டு நிறுப்பானா? விசிறியை அணைத்தார். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. முகமூடியைத் தாடைக்கு இறக்கிக்கொண்டார். தட்டு அசையாமல் நின்றது. மனதும் அப்படியே நின்றது. பட்டறையில்கூட இவ்வளவு நிம்மதியாக அவர் வேலை பார்த்ததில்லை.

பிறகு யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள்.

மங்கையர்க்கரசி அவரை வெளி வராந்தாவுக்குக் கொண்டுவந்து காற்றில் உட்காரவைத்தார். மேலங்கியைக் கழற்றி, முகத்தையும் கையையும் கழுவிவிட்டார். டாக்டர் வந்து நாடி பார்த்தார். சாயங்காலம்வரை இவரைத் தனியே விடவேண்டாம் என்று சொல்லிப் போனார். மதியத்துக்குமேல்தான் ஆசாரிக்குத் தலை தெளிந்தது. தெளிந்ததும் கோபம் வந்தது.

"ஒரு குரல் குடுத்திருந்தா நானே வந்திருப்பனே. சின்னப்பிள்ளையை இழுக்கிற மாதிரி இழுக்கணுமா?"

செண்பகம் தயங்கிச் சொன்னாள். "நான் வார்டுல இருந்து திரும்பி வரும்போது அம்மா கண்ணாடியத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாங்க அண்ணாச்சி. நீங்க நிமிர்ந்து பாத்து, 'இந்தா வாரேன்'னு சொல்லிட்டு மறுபடியும் குனிஞ்சிட்டீங்க. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்."

"நானா?"

"நீங்கதான்."

ஆசாரி நம்பவில்லை. "மயக்கமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சொல்லப்போனா, இன்னைக்கு மாதிரி என் கை நிதானமா இருந்ததே கிடையாது."

மங்கையர்க்கரசி எழுந்தார். விசிறியைப் போட்டு, முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். செண்பகம் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து மாமியார் கதையைத் தொடர்ந்தாள். ஆசாரி அவள் பக்கத்தில் நின்று பார்த்தார்.

அவர் போட்ட பொட்டலங்களை மங்கையர்க்கரசி ஒவ்வொன்றாகப் பிரித்து நிறுத்தார். முதலில் வந்தவை இம்மி பிசகவில்லை. போகப்போகத் தட்டு தாழ்ந்தது. கடைசிப் பொட்டலத்தில் இருமடங்கு இருந்தது. அதன்மேல் ஆசாரியின் கையெழுத்தில், 'முத்துச்செல்வி, வயது மூன்று' என்று இருந்தது. எழுத்து மட்டும் அச்சடித்தது போல அழகாக இருந்தது.

மூன்று வயதில் தன் மகள் எப்படி இருந்தாள் என்று ஆசாரிக்கு நினைவு வந்தது. வெட்கமும் இருந்தது, ஆனால் பயம்தான் பெரிதாக இருந்தது.

மங்கையர்க்கரசி அந்தப் பொட்டலங்கள் அத்தனையையும் அழிப்பதற்கென்று தனியே பூட்டி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"அம்மா, நான் ஊருக்குப் போயிருதேன்."

"ஏன்?"

"எனக்கு ஒண்ணுமே தெரியலயே. நல்லாத்தான் இருக்கேன்னுலா இருந்துச்சு."

மங்கையர்க்கரசி சோப்புப் போட்டுக் கை கழுவினார். அவசரமில்லாமல் துடைத்தார்.

"நாளைக்கு நான் நிறுக்கணும் ஆசாரி ஐயா. வெளிய உக்கார ஆள் வேணும்."

"செண்பகம் இருக்காளே."

"உள்ள இருந்து நான் 'நல்லாத்தான் இருக்கேன்'னு சொன்னா அவ நம்பிருவா. நீங்க நம்ப மாட்டீங்க."