கரையேறிப் பார்த்த நண்டு

ஒரு குளம் வற்றிக்கொண்டிருந்தது. அதில் இருந்த மீன்கள் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கச் சொன்னவனின் காலை ஒடித்தன. நடந்த தப்பு இவ்வளவுதான்.

வேலங்காட்டுக்கு நடுவே இருந்தது அந்தக் குளம். மேற்கே வாய்க்கால், தண்ணீர் வரும் வழி. கிழக்கே மதகு, வயலுக்குத் தண்ணீர் போகும் வழி. தினமும் விடிந்ததும் மீன்கள் எல்லாம் வாய்க்காலைப் பார்த்து வரிசையாக நிற்கும். வாயைத் திறந்து திறந்து மூடும். தண்ணீர் அனுப்புகிறவருக்கு நன்றி சொல்வது அப்படித்தான். அதில் ஒரு குற்றமும் இல்லை.

குற்றம் வேறு இடத்தில் இருந்தது. மதகுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே நன்றிகெட்டத்தனம் என்று ஒரு கட்டுப்பாடு. போட்டவர் மீசையார் என்ற கெளுத்தி. தண்ணீர் அனுப்புகிறவரே தன்னைக் கேட்டுத்தான் அனுப்புகிறார் என்பதுபோல நடந்துகொள்வார்.

ஒரு நாள் காலை, வழிபாட்டுக்கு நடுவில் கோணையன் என்ற நண்டு வந்தான். நீரிலும் இருப்பவன், நிலத்திலும் நடப்பவன்.

"நான் கரையேறிப் பார்த்துட்டேன். வாய்க்கால் ஓரமாவே ரொம்ப தூரம் போனேன். புளியமரத்துல ஏறியும் பார்த்தேன். தண்ணி அனுப்புறவர்னு யாரும் இல்லை. வெயில்ல தண்ணி ஆவியாகுது, மேகமாகுது, மழையா விழுது. அவ்வளவுதான். யாரைப் பார்த்து வாயைத் திறக்குறீங்க?"

நல்ல விதமாக அவன் கேட்கவில்லை. நக்கலாகத்தான் கேட்டான். இருக்கட்டுமே. கேள்வி கேள்விதானே? தெரிந்தால் பதில் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்.

இரண்டும் நடக்கவில்லை.

"நேரா ஒரு அடி வைக்க வக்கில்லை. இவன் நமக்கு வழி சொல்ல வந்துட்டான்" என்றது ஒரு கெண்டை.

"தலைன்னு தனியா ஒண்ணு இருந்தாத்தானே அதுல புத்தி இருக்கும்" என்றது இன்னொன்று.

கூட்டம் சிரித்தது. கோணையனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சிரிங்கடா. மதகுக் கல்லைத் திரும்பிப் பாருங்க. முங்கிக் கிடந்த கல்லு இப்போ வெயில் காயுது. தண்ணி குறையுது!"

"குறையுதுன்னு சொல்ற வாயை முதல்ல அடைங்கடா" என்று மீசையார் பாய்ந்தார். முள்ளால் ஒரு குத்து. மற்றவை சேர்ந்து கடித்தன. நண்டுக்கு ஒரு கால் போயிற்று. இழுத்துக்கொண்டு ஓடி ஒளிந்தான். மீன்கள் மறுபடி வரிசையில் நின்று, வாயைத் திறந்து நன்றி சொல்லின. அதே வாய். சற்றுமுன் கடித்த வாய்.

எரிச்சலாக இருக்கிறதா இல்லையா? ஒரு குளத்துக்கே தண்ணீர் அனுப்புகிறவர் என்கிறார்கள். அவரைக் காப்பாற்ற ஒரு கெளுத்தியின் முள் வேண்டுமாம். ஒரு நண்டு கேட்ட கேள்வியில் கரைந்துபோகிறவரா அவர்?

அந்தக் கூட்டத்தில் கருப்பாயி என்ற விரால் மீனும் நின்றாள். அவள் கடிக்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. கரையோரப் புல்லடியில் அவள் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. ஆழத்துக்குக் கூட்டிப்போனால் பெரிய மீன்கள் விழுங்கிவிடும். மீசையாரே விழுங்குவார். புல்லடியிலோ தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. கரையில் ஒரு கொக்கு நின்றது. தண்ணீர் ஒரு எட்டு பின்வாங்கினால் அதுவும் ஒரு எட்டு முன்னே வந்தது.

கருப்பாயி மதகுப் பக்கம் போனாள். கல்லிடுக்கில் கிடந்தான் நண்டு.

"அண்ணே, ரொம்ப வலிக்குதா?"

"நீயும் கடிக்க வந்தியா? மிச்சக் கால் இருக்கு. எது வேணும்னு சொல்லு."

"கேட்க வந்தேன். அந்தக் கூச்சல்ல நீ சொன்னது முழுசாக் காதுல விழலை."

நண்டு கண்களை நீட்டி அவளைப் பார்த்தான்.

"நீயும் காலையில வாயைத் திறக்குறவதானே?"

"ஆமாம். நாளைக்கும் திறப்பேன்."

"அவரைப் பார்த்திருக்கியா?"

"இல்லை. பார்த்தேன்னு சொன்னா பொய்."

இப்படி ஒரு பதிலை நண்டு எதிர்பார்க்கவில்லை. "அப்போ நான் சொன்னது சரி" என்றான்.

"கரையில யாரும் இல்லைன்னே. சரி. புளியமரத்துல இல்லைன்னே. அதுவும் சரி. அவர் புளியமரத்துல உட்கார்ந்திருக்கார்னு நான் எப்போ சொன்னேன்?"

நண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். "மழை?"

"வெயில், ஆவி, மேகம், மழை. நீ பார்த்துட்டு வந்து சொல்றே. ஏத்துக்கறேன். தண்ணி எப்படி வருதுன்னு நீ தேடுறே. தண்ணின்னு ஒண்ணு எதுக்காக இருக்குன்னு நான் யோசிக்கிறேன். உன் கேள்விக்கு என்கிட்ட பதில் கிடையாது. என் கேள்விக்கு உன்கிட்ட கிடையாது. இதுல காலை ஒடிக்க என்ன இருக்கு?"

"நான் ஒத்துக்க மாட்டேன்."

"ஒத்துக்க வேண்டாம். தண்ணி குறையுதுன்னியே, அதைச் சொல்லு. என் பிள்ளைங்க முதுகு வெளியே தெரியுது. கொக்கு கிட்ட வந்துடுச்சு."

நண்டு கண்களை உள்ளே இழுத்துக்கொண்டு சொன்னான்.

"என் வளைதான் தாயி. மதகுக்கு அடியில தோண்டினேன். அந்தப் பக்கம் வயல்ல போய்த் திறந்துக்கிச்சு. தண்ணி அது வழியா ஓடுது. ஒத்தையா அடைச்சுப் பார்த்தேன், மண்ணு நிக்கலை. அதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்ல வெட்கமாப் போச்சு. வாயில கேலிதான் வந்தது. அப்புறம் அடிச்சாங்களா, எல்லாரும் சாகட்டும்னு கம்முனு இருந்துட்டேன்."

கருப்பாயியின் வால் துடித்தது. இவன் வளையால்தான் அவள் பிள்ளைகள் கொக்கின் காலடியில் நிற்கின்றன. ஒரே கடி போதும். நியாயமும் அவள் பக்கம்தான்.

அவள் கடிக்கவில்லை. "எந்த இடம்? காட்டு" என்றாள்.

கெண்டைகளைக் கூப்பிட்டாள். "பாசியைப் பிடுங்கி மதகுக்குத் தள்ளுங்க."

"மதகைத் திரும்பிப் பார்க்கக் கூடாதே" என்று அவை முழித்தன.

"பார்க்க வேண்டாம். வாய்க்காலைப் பார்த்துக்கிட்டே வாலால தள்ளுங்க."

தள்ளின. மூஞ்சி மேற்கே, வால் கிழக்கே. ஓடுகிற தண்ணீரே பாசியை இழுத்துக்கொண்டு போய் வளைக்குள் திணித்தது. அதன்மேல் கோணையன் களிமண்ணை உருட்டி உருட்டி அப்பினான், கால் ஒன்று குறைய. பாசியோடு சேர்ந்ததும் மண் நின்றது. தண்ணீர் இறங்குவதும் நின்றது. கொக்கு கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

பிறகு மழை வந்தது. வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்தது. மீசையார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அன்னிக்கு நான் போட்ட போடுதான் குளத்தைக் காப்பாத்துச்சு" என்று சொல்லித் திரிகிறார். கேட்டுத் தலையாட்டவும் ஆள் இருக்கிறது. வெட்கங்கெட்ட கூட்டம்.

கோணையன் இன்றுவரை நம்பவில்லை. கருப்பாயி இன்றுவரை விடவில்லை. விடிந்தால் அவள் வாய்க்காலைப் பார்த்து நிற்கிறாள். அந்த நேரம் அவன் மதகைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், எங்காவது கசிகிறதா என்று. வழிபாடு முடிந்ததும் இரண்டு பேரும் புளியமரத்தைப் பற்றித் தர்க்கம் செய்கிறார்கள். சண்டைச் சத்தம் மட்டும் வெளியே வருவதில்லை.

தன் நம்பிக்கையில் உறுதியாக இருப்பவன் மறுத்துப் பேசுகிறவனைக் கடிக்க மாட்டான், கடைசிவரை கேட்டுப் பதில் சொல்வான் என்று அந்தக் குளத்துக்குக் காட்டியது முள் வைத்த மீசையார் அல்ல, பிள்ளைக்காரி கருப்பாயி.