மணல் பொம்மை குடித்த தண்ணீர்

விடை பாதியிலேயே தோன்றிவிட்டாலும், கேள்வி வரும்வரை அதை மனத்திலேயே வைத்திருங்கள். இந்தக் கதையில் அவசரப்பட்டவர்கள் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறார்கள்.

கருங்கல்முனை என்று ஒரு கடலோர விமானப்படைத் தளம். கடலில் விழுந்தவர்களைத் தேடித் தூக்கிவரும் வேலையை அங்கே ஒரே ஹெலிகாப்டர் இருபத்தெட்டு ஆண்டுகளாகச் செய்துவந்தது. நல்ல கனமான இயந்திரம். அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் புதிது வாங்க முடிவானது. மூன்று நிறுவனங்கள் ஆளுக்கொரு ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து நிறுத்தின.

சோதனையைப் பதிவு செய்யும் பொறுப்பு ஜெசிந்தாவுக்கு வந்தது. மீன்பிடிக்கும் குடும்பத்தில் முதன்முதலில் பொறியியல் படித்தவள் அவள். வேலைக்கு வந்து ஏழு மாதம்தான், இன்னும் நிரந்தரமாகவில்லை. எந்தத் தாளையும் மூன்று முறை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள்.

விதித்தாளில் இருந்தவை இரண்டே வரிகள். "கடலில் மிதப்பவரை உயிருடன் தளத்தில் கொண்டுவந்து இறக்க வேண்டும். குறைந்த நேரத்தில் இறக்கும் ஹெலிகாப்டர் தேர்வாகும்." மூன்று விமானிகளுக்கும் அவளே அதை வாசித்துக் காட்டினாள். "பொம்மைதானே என்று நினைக்க வேண்டாம். மயங்கிக் கிடக்கும் மனிதர் என்று நினைத்துத் தூக்குங்கள்" என்றும் சொன்னாள். மூவரும் தலையாட்டிக் கையெழுத்திட்டார்கள்.

மிதக்கப்போகும் பொம்மைக்குத் தளத்தில் 'மாப்பிள்ளை' என்று பெயர். துணி உடம்புக்குள் எண்பது கிலோ மணல், மேலே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. பழைய ஹெலிகாப்டரில் கயிறு இறக்கி ஆட்களைத் தூக்கும் வாரண்ட் ஆபீசர் ஞானமுத்து வைத்த பெயர் அது. "ஊரே காத்துக் கிடக்கும், இவர் வாயைத் திறக்கமாட்டார். மாப்பிள்ளை இல்லாம வேற யாரு, மேடம்?" என்பார்.

அந்த வாயைத்தான் ஜெசிந்தா திறந்தாள். ஒருமுறை கடலில் தத்தளித்து மீட்கப்பட்ட அவளுடைய அப்பா, "ஹெலிகாப்டரு தலைக்கு மேல நின்னா மூஞ்சில தண்ணி அறையும் பாரு, மூச்சே விட முடியாது" என்று சொன்னது அவள் மனத்தில் கிடந்தது. பொம்மையின் வாயில் துளை போட்டு, ஒரு குழாய் செருகி, நெஞ்சுக்குள் அரை லிட்டர் பாட்டிலை வைத்தாள். சோதனைக்கு முதல் நாள் ஹெலிகாப்டர் இல்லாமல் கால் மணி நேரம் மிதக்கவிட்டுப் பார்த்தாள். நாலு சொட்டுதான் சேர்ந்தது. பாட்டில் விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சிரிப்பார்களோ என்ற பயம்.

காலையில் கடல் தட்டுப் போலக் கிடந்தது. முதல் ஹெலிகாப்டர், மூன்றிலும் பெரியது, பொம்மையின் தலைக்கு நேர் மேலே தாழ்ந்து நின்றது. தண்ணீர் வெள்ளையாகக் கொதித்தது. நாலே நிமிடத்தில் பொம்மை தளத்துக்கு வந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாவதும் அப்படியே நின்று தூக்கியது, ஆறு நிமிடம்.

மூன்றாவதன் முறை வந்தபோது மதியமாகிவிட்டது. அலை நெஞ்சளவு எழுந்தது. அந்தச் சிறிய ஹெலிகாப்டர் தள்ளி உயரத்தில் நின்று ஒரு வீரனை இறக்கியது. அவன் நீந்திப் போய், பொம்மையின் முகத்தைத் தன் முதுகாலும் கையாலும் மறைத்துக்கொண்டான். அதன் பிறகே கயிறு வந்தது.

"மாப்பிள்ளைக்கு வெயில் படாம பாத்துக்கிறான்டா!" என்று ஞானமுத்து சத்தம் போட்டார். கரையே சிரித்தது. பதினொரு நிமிடம்.

ஒவ்வொரு முறையும் ஜெசிந்தா பாட்டிலை எடுத்து, மூடி, எண் ஒட்டி, அதனிடத்தில் காலிப் பாட்டில் வைத்திருந்தாள். மாலையில் மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள். மூன்றாவதில் ஒரு மூடியளவு தண்ணீர். இரண்டாவதில் பாதிக்கு மேல். முதலாவது கழுத்துவரை நிறைந்திருந்தது.

தளபதி குரூப் கேப்டன் வில்வநாதன் நிறைந்த பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"இது யாரைக் கேட்டு வச்சது, ஜெசிந்தா?"

"யாரையும் கேக்கல, சார்."

"அப்ப இது கணக்குல வராது. நேரம்னு எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கோம். நாலு நிமிஷம் ஜெயிச்சாச்சு."

"பொணத்தை நாலு நிமிஷத்துல தூக்கி என்ன சார் பண்றது?" என்றார் ஞானமுத்து. அவர் முகத்தில் காலையில் இருந்த சிரிப்பு இல்லை. "மூணாவதைத்தான் எடுக்கணும்."

வேலை போனாலும் போகட்டும் என்று ஜெசிந்தா பேசினாள். "நான் மறைச்சது தப்பு, சார். பாட்டில் இருக்குன்னு மூணு பேருக்கும் சொல்லிட்டு, மறுபடி சோதனை வைக்கணும். அதுதான் நியாயம்."

முதலாவதை எடுக்கச் சொல்கிறார் தளபதி. மூன்றாவதை எடுக்கச் சொல்கிறார் ஞானமுத்து. மறுசோதனை கேட்கிறாள் ஜெசிந்தா. மூவரில் யார் சொன்னது சரி? ஏன்?

விடை: ஞானமுத்து சொன்னதே சரி. விதியின் முதல் வரி 'உயிருடன்' என்கிறது. நேரம் அதற்கு அடுத்த வரியில்தான் வருகிறது. முதல் வரியை நிறைவேற்றாதவர்களின் நிமிடங்களை எண்ணவே வேண்டியதில்லை. பாட்டில் புதிய விதி அல்ல. இருந்த விதிக்குச் சாட்சி. மயங்கிய மனிதர் என்று முன்பே சொல்லியாயிற்று. அலையில்லாத கடலும் முதல் இருவருக்குத்தான் சாதகமாக இருந்தது. பாட்டில் இருப்பதை அறிவித்து மறுபடி சோதித்தால், எல்லோரும் அன்று ஒரு நாள் மட்டும் பாட்டிலைக் காப்பாற்றப் பறப்பார்கள். இதை விளக்கி ஜெசிந்தாவே தன் கோரிக்கையை அடித்துவிட்டு அறிக்கை எழுதினாள். தளபதி மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். எல்லோரும் எழுந்த பிறகும் ஞானமுத்து எழவில்லை. நிறைந்த பாட்டிலைக் கையில் வைத்திருந்தார். "நம்ம பழைய வண்டியும் இதே மாதிரி கனம்தானே, தாயி? தலைக்கு நேர் மேல நின்னு நான் கயிறு இறக்கும்போது கை ஆட்டினவங்க சில பேரு, மேல வந்தப்ப உயிரோட இல்ல. லேட்டாத்தான் வந்துட்டோம்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன்" என்றார்.