மாமனார் கதவைப் பார்த்து ஓட்டிய மாப்பிள்ளை

வெள்ளாங்குழி எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களே சந்தைக்குப் போனால் வழி கேட்டுத்தான் வீடு திரும்புவார்கள்.

அந்த ஊர்ப் பூவலிங்கம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினான். ஊர் எல்லையில் ஒரு சேற்றுப் பள்ளம். ரோடு எவ்வளவு அகலமாகக் கிடந்தாலும் வண்டி அதில்தான் இறங்கும். பெண் பார்க்கப் போனதும் சேற்றோடு, நிச்சயத்துக்குப் போனதும் சேற்றோடு. கீழமங்கலத்து மாமனார் மாசிலாமணி கறாராகச் சொல்லிவிட்டார்: “கல்யாணத்தன்னிக்காவது சுத்தமா வந்து என் வாசல்ல இறங்கணும். சேத்தோட வந்தா பொண்ணு கிடையாது.”

பூவலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. டவுன் மெக்கானிக் அந்தோணியிடம் போய் நின்றான்.

“பள்ளத்தையே பாத்துக்கிட்டு ஓட்டுறே. கண்ணு எங்கே போகுதோ வண்டியும் அங்கேதான் போகும். பள்ளத்தைப் பாக்காதே. போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பாரு.”

ஊர் கூடி யோசித்தது. பள்ளம் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதானே? புதுப் பாயை விரித்து மூடினார்கள். பூப்போட்ட பாய், பார்க்காமல் இருக்க முடியுமா? பூவலிங்கம் பாயோடு உள்ளே போனான்.

அடுத்து ஆட்கள் சுற்றி நின்று மறைத்தார்கள். எல்லாரும் சொந்தக்காரர்கள், முகம் பார்க்காமல் போனால் மரியாதையா? அவர்களையும் சேர்த்துக்கொண்டு உள்ளே போனான்.

சேற்றிலிருந்து எழுந்தார் பெரியப்பா கொண்டல்சாமி, ஊருக்கே மூளைக்காரர். “நாம பாதிப் பேச்சைத்தான் கேட்டிருக்கோம். போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பாக்கச் சொன்னாரே?”

“கீழமங்கலம் இங்கேர்ந்து தெரியாதே, பெரியப்பா.”

எல்லாரும் கீழமங்கலம் இருக்கும் திசையை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

“கொண்டு வந்துடலாம்” என்றான் சித்தப்பா மகன் சுடலைமுத்து.

“ஊரையா?”

“ஊர் எதுக்கு? இறங்கப்போறது வாசல்ல. வாசக்கதவு போதும்.”

கல்யாணத்தன்று பெண் வீட்டார் கொல்லையில் சமையலில் மும்முரமாக இருக்க, இவர்கள் தலைவாசல் கதவைக் கழற்றி வெள்ளாங்குழிக்குச் சுமந்து வந்தார்கள். பிறகு அதையே மாப்பிள்ளைக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழமங்கலத்துக்குத் திரும்ப நடந்தார்கள். பூவலிங்கம் கதவை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பள்ளம் பக்கத்தில் வந்தது, போனது. பட்டு வேட்டியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

பாதி வழியில் தோள் கழன்றுபோய், பொட்டல் நடுவே இரண்டு பனைமரங்களுக்கு இடையில் கதவைச் சாத்தி நிறுத்தினார்கள். பூவலிங்கம் வண்டியை நிறுத்தி இறங்கினான். “மாமா வீடு வந்தாச்சு” என்று கதவைத் தட்டினான்.

அந்நேரம் காணாமல்போன கதவைத் தேடி மாசிலாமணி, பெண்ணும் மேளமுமாக எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துவிட்டார். கதவு அவருடையதுதான். அந்தப் புறம் யாரோ தட்டுகிறார்கள்.

“யாருப்பா?”

“மாப்பிள்ளை வந்திருக்கேன் மாமா. திறங்க.”

“நான் வெளியே நிக்கிறேன் மாப்பிள்ளை. உள்ளே இருக்கிற நீங்கதான் திறக்கணும்.”

“உங்க வீட்டுக்குள்ளே நீங்கதானே மாமா இருப்பீங்க?”

“காலையிலேர்ந்து கதவைத் தேடி வெளியே அலையறேன். நான் எப்படி உள்ளே இருப்பேன்?”

“நியாயந்தான்” என்றார் கொண்டல்சாமி.

முகூர்த்தம் நெருங்கியது. மணப்பெண் செண்பகவல்லி பொறுக்கமாட்டாமல் பனைமரத்தைச் சுற்றி நடந்து வந்து மாப்பிள்ளை பக்கத்தில் நின்றாள். “நேரமாகுது. தாலியைக் கட்டுங்க.”

கொண்டல்சாமி பதறிப்போனார். “கல்யாணப் பொண்ணு இப்படிப் பக்கவாட்டுலயா வர்றது? போம்மா, முறையா வாசல் வழியா வா.”

அவள் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போய் அந்தப் புறத்திலிருந்து தட்டினாள்.

பூவலிங்கத்தின் முகம் மலர்ந்தது. “கேட்டீங்களா பெரியப்பா? உள்ளே ஆள் இருக்காங்க. இப்பத் திறந்துடுவாங்க.”

கதவைப் பார்த்தபடி எல்லாரும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.